இரண்டு பேருக்கு ஒரு கார்டு

மகன் லண்டனில் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறான். போன தடவை போயிருந்தபோது ஒரு நாள், அவன் வேலைக்குக் கிளம்பியதும், நாமே ஊர் சுற்றலாமே என்று நானும் மனைவியும் பஸ் ஏறினோம். 5 பவுண்டு நோட்டை நீட்டினால் டிரைவர் தலையாட்டுகிறார். 2014 ஜூலையிலிருந்தே அங்கே பஸ்ஸில் ரொக்கம் வாங்குவதில்லை. பாங்க்கில் 34 வருஷம் நோட்டு எண்ணியவன், கையில் பணத்தோடு கீழே இறங்கினேன்.

ரயில் நிலையத்துக்கு நடந்து ஆய்ஸ்டர் கார்டு வாங்கினேன். சேர்ந்துதானே போகிறோம், ஒன்று போதும் என்பது என் சிக்கனம். மஞ்சள் வட்டத்தில் வைத்தேன். கதவு திறந்தது, உள்ளே போய்விட்டேன். கார்டைக் கதவுக்கு மேலாக அவளிடம் நீட்டினேன். வைத்தாள். சிவப்பு விளக்கு. மறுபடியும் சிவப்பு. அவளிடம் பணமில்லை, போனில்லை, ஆங்கிலமும் அவ்வளவாக வராது. பின்னால் வரிசை நிற்கிறது. "என்னங்க..." என்றாள். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

ஊழியர் ஒருவர் வந்து என்னை வெளியே விட்டார். ஏறிய இடம், இறங்கிய இடம் பார்த்துக் காசு கழிக்கிற கார்டு, ஆளுக்கு ஒன்று வேண்டும் என்றார். (போகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்: ரயிலில் இறங்கி வெளியே வரும்போது வைக்க மறந்தால் அதிகபட்சக் கட்டணம் பிடித்துவிடும். பஸ்ஸில் ஏறும்போது மட்டும் வைத்தால் போதும்.)

அவளுக்கும் ஒன்று வாங்கினேன். வெஸ்ட்மின்ஸ்டரில் இறங்கியபோது நான் சட்டைப்பை, பேண்ட்பை என்று துழாவிக்கொண்டிருந்தேன். அவள் எப்போதோ வெளியே போய் நின்றுகொண்டு, "மெதுவா வாங்க, இங்கதான் நிக்கிறேன்" என்றாள்.