கேட் எப்போது நிற்க வேண்டும்

மே 18, 2025, ஞாயிறு

இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை இன்னும் வரவில்லை. சாயங்காலமானால் கோடை மழை கொட்டிவிட்டுப் போகிறது. அதற்கே கேட் திணறுகிறது. முக்கால்வாசி மூடியதும் நின்று, கொஞ்சம் பின்வாங்கி, அங்கேயே அடம்பிடிக்கிறது.

திருவனந்தபுரம் கரமனையில் எங்கள் தெரு மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்குகிறது. மனை நாலு சென்ட். இரட்டைக் கதவு வைத்தால் உள்ளே காருக்கு இடமிருக்காது என்று பக்கவாட்டில் உருளும் ஸ்லைடிங் கேட் போட்டோம். அமெரிக்க வீடுகளின் கராஜ் கதவு கூரையை நோக்கி மேலே ஏறிவிடும். அதை மின்சாரத்தில் திறக்கும் கருவியை சி. ஜி. ஜான்சன் 1926-ல் உருவாக்கினார். நம் ஊரில் கராஜ் கட்டிய வீடு அபூர்வம். கார் போர்ட்டிகோவில் நிற்கும், மோட்டார் கேட்டடியில் உட்கார்ந்திருக்கும். மேட்டிலிருந்து வழிந்துவரும் செம்மண் எல்லாம் கேட் உருளும் டிராக்கில்தான் தங்குகிறது.

அடுத்த வீட்டு வாத்தியார், எங்களுக்கு மாஷ், மதில் வழியே எட்டிப் பார்த்தார். "மோட்டார் போர்டில் ஒரு குட்டித் திருகு உண்டு. ஃபோர்ஸைக் கூட்டி வைத்தால் ஓடும்" என்றார். அவர் வீட்டில் அப்படித்தான் ஓடுகிறதாம்.

மே 24, சனி

தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் இறங்கிவிட்டதாக வானிலைத் துறை அறிவித்துவிட்டது. வழக்கமான ஜூன் 1-க்கு எட்டு நாள் முன்பே! 2009-க்குப் பிறகு இவ்வளவு சீக்கிரம் வந்ததில்லையாம்.

மழை விட்ட இடைவெளியில் கேட் மெக்கானிக் வந்தார். நாகர்கோவில்காரர். முதலில் மோட்டார் மூடியைத் தொடவேயில்லை. சாவி போட்டு லீவரை இழுத்து, மோட்டாரின் பிடியிலிருந்து கேட்டை விடுவித்தார்.

"அண்ணாச்சி, இப்பம் கையால தள்ளிப் பாருங்க."

தோளைக் கொடுத்துத் தள்ளினால்தான் நகர்ந்தது.

"ஒத்தக் கையால தள்ளினா போகணும். இந்தக் கனத்தைத் தள்ளுகதுக்கு ஃபோர்ஸைக் கூட்டினா, மோட்டார் கேட்டை மட்டுமா தள்ளும்? எதுக்க நிக்கிற எல்லாத்தையும் தள்ளும்."

மோட்டாரின் பற்சக்கரம் கேட்டில் பொருத்திய பல்பட்டையைக் கவ்வி இழுக்கிறது. வழியில் ஏதாவது தடுத்தால் வேகம் குறைந்து, மோட்டார் இழுக்கும் மின்சாரம் கூடும். போர்டு அதை வைத்துத்தான் தடை என்று அறிந்து நிறுத்துகிறது. ஃபோர்ஸ் திருகு அந்த வரம்பைத் தீர்மானிக்கிறது. மண் அடைத்த டிராக்கும் தடைதான், மனித உடம்பும் தடைதான். போர்டுக்கு இரண்டும் ஒன்று. மண்ணை வெல்ல வரம்பை உயர்த்தினால் உடம்புக்கும் அதே வரம்பு.

ரோலர்களில் ஒன்றின் பேரிங் துருப்பிடித்து இறுகியிருந்தது. கேட் அந்தப் பக்கம் தாழ்ந்து, பல்பட்டை பற்சக்கரத்தின் மேல் பாரமாக உட்கார்ந்திருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளி வேண்டுமாம். இல்லாவிட்டால் கேட்டின் எடை மோட்டார் தண்டில் இறங்கி, அதையே தேய்த்துவிடும். சாலைக் கடைத்தெருவிலிருந்து புது ரோலர் வாங்கிவந்து மாட்டினார். பல்பட்டைக்குக் கிரீஸ் தடவலாமா என்று கேட்டேன். "வேண்டாம், மண்ணு ஒட்டிப் பிடிச்சு அரமா அறுக்கும். தூத்து வாரிப் போடுங்க, போதும்."

போர்டு பெட்டியில் எறும்புப் புற்றும் காய்ந்த பல்லி ஒன்றும். வயர் நுழையும் துளையை சிலிகான் வைத்து அடைத்தார். ஐப்பசி இடி மின்னலுக்கு மெயின் ஸ்விட்சை அணைத்து வைக்கவும் சொன்னார்.

மே 25, ஞாயிறு

மெக்கானிக் சொன்னது மனத்தைவிட்டுப் போகவில்லை. போன வருஷம் ஜூனில் மலப்புறம் மாவட்டம் திரூருக்குப் பக்கத்தில் வைலத்தூரில், பக்கத்து வீட்டுத் தானியங்கி கேட்டில் சிக்கி ஒன்பது வயதுப் பையன் இறந்தான். செய்தி கேட்டு வந்த பாட்டியும் நெஞ்சுவலியில் போனார். அந்த கேட்டில் என்ன கோளாறு என்று நான் ஊகிக்கப் போவதில்லை. என் கேட்டைப் பற்றி மட்டும் யோசிக்கிறேன்.

கேட் எவ்வளவு விசையோடு ஆள்மேல் மோதலாம் என்பதை ஐரோப்பியத் தரவிதி எண்ணாகவே வைத்திருக்கிறது. மூடிக்கொண்டுவரும் கேட், அரை மீட்டருக்குக் குறைந்த இடைவெளியில் ஆள்மேல் மோதும்போது, அதன் விசை 400 நியூட்டனைத் தாண்டக்கூடாது. ஏறக்குறைய நாற்பது கிலோ பாரம். முக்கால் விநாடிக்குள் அது 150 நியூட்டனுக்குக் கீழே இறங்கிவிட வேண்டும்.

மே 31, சனி

திங்கள்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. மாஷின் பேரன் விடுமுறை முழுக்க எங்கள் கேட் கம்பியில் தொற்றிக்கொண்டு சவாரி போனான். அவனைத் திட்டுவதைவிட கேட்டைச் சோதிப்பது பயன் தரும்.

அமெரிக்காவில் 1993 ஜனவரி 1 முதல் தயாரான வீட்டு கராஜ் மோட்டார்களுக்கு, தடையைக் கண்டு பின்வாங்கும் இரண்டாவது பாதுகாப்பும் சட்டப்படி கட்டாயம். பெரும்பாலும் தரையோரம் வைக்கும் அகச்சிவப்புக் கதிர் சென்சார்தான் அது. கதவடியில் ஒன்றரை அங்குல மரக்கட்டையைப் படுக்கப் போட்டு, கதவு தொட்டதும் பின்வாங்குகிறதா என்று மாதாமாதம் பார்க்கவும் சொல்கிறார்கள். ஸ்லைடிங் கேட்டுக்கு மெக்கானிக் காட்டியபடி, தூணருகே தடித்த கட்டையை நிறுத்திச் செய்தேன். தொட்டதும் கேட் பின்வாங்கியது. இப்போது ஃபோர்ஸ் முன்பைவிடக் குறைவு, ஓட்டமோ முன்பைவிட மென்மை.

எங்கள் கேட் சென்சாரின் கண்ணில் சிலந்திவலை. துடைத்தேன். அந்தக் கண் இரண்டு தூண்களுக்கு நடுவே அதன் உயரத்தில் ஒரே கோட்டைத்தான் பார்க்கும். கேட் திறந்து பின்னால் போகும்போது மதிலுக்கும் அதற்கும் நடுவே கை மாட்டினால் அதற்குத் தெரியாது. அங்கே கம்பிவலை அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 8, ஞாயிறு

ராத்திரி மழையில் கரண்ட் போனது. மனைவியே சாவி போட்டு லீவரை இழுத்து, ஒற்றைக் கையால் கேட்டைத் தள்ளித் திறந்தாள். யாராவது சிக்கிக்கொண்டால் அந்த லீவர்தான் முதல் உதவி. ரிமோட்டை அமுக்கத் தெரிந்த எல்லோருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

ரெசிடென்ஸ் அசோசியேஷன் கூட்டத்தில் இதைச் சொன்னேன். ஒவ்வொரு வீட்டு கேட் சாவியும் பக்கத்து வீட்டில் ஒன்று இருக்கட்டும் என்றேன். "திருடனுக்குச் சௌகரியமாகிவிடுமே" என்றார் ஒருவர். மாஷ் எழுந்து, "திருடன் மதில் ஏறி வருவான். சாவி குழந்தைக்கு" என்றார். முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது. எங்கள் சாவியை மாஷ் வீட்டில் இன்றே கொடுத்துவிட்டேன். மெக்கானிக் நம்பரையும் அவர் கேட்டு வாங்கிக்கொண்டார்.