அடுப்படிச் சுவரும் ஒரு வேப்பமரமும்

வீட்டில் ஒரு கன்று நடுவதென்றால் நாம் என்னென்னவோ பார்க்கிறோம். நல்ல நாள் பார்க்கிறோம். கன்று வாட்டமில்லாமல் இருக்கிறதா என்று பார்க்கிறோம். ஆனால் அது 40 அடி உயரம் வளர்ந்து நிற்கும்போது நம் வீடு என்ன ஆகும் என்பதை மட்டும் பார்ப்பதில்லை! முழ உயரக் கன்றுக்குச் சுவரோரத்தில் இரண்டடி இடம் தாராளம் என்று தோன்றிவிடுகிறது. பின்னால் வருகிற வருத்தமெல்லாம் அந்த இரண்டடியில் முளைப்பதுதான்.

அருப்புக்கோட்டையில் எங்கள் அத்தை அப்படித்தான் ஒரு வேம்பு வைத்தாள். அடுப்படிச் சுவரை ஒட்டி வைத்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அந்தச் சீமையில் தண்ணீர் அருமை. பாத்திரம் கழுவிய தண்ணீரும் அரிசி களைந்த தண்ணீரும் தானாகப் பாயுமே, தனியாகக் குடம் சுமக்க வேண்டாமே என்று கணக்குப் போட்டாள். வேம்பும் மளமளவென்று வளர்ந்தது. பதினைந்து வருஷத்தில் அடுப்படிக்கே குடை பிடித்தாற்போல் நின்றது. அப்புறம் ஒரு கோடையில், ஜன்னல் மூலையிலிருந்து தரைவரைக்கும் சுவரில் ஒரு விரிசல் ஓடிற்று.

வேர் சுவரை முட்டித் தள்ளிவிட்டது என்றுதானே நினைக்கிறீர்கள்? விஷயம் வேறு. அங்கே கரிசல் மண். மழையில் ஊறினால் உப்பும். வெயிலில் காய்ந்தால் சுருங்கி, கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். அஸ்திவாரத்தின் கீழே இருக்கிற ஈரத்தை மரம் உறிஞ்சிவிட்டால், அந்தப் பக்கத்து மண் மட்டும் அதிகமாகச் சுருங்குகிறது. வீட்டின் ஒரு மூலை சற்றே இறங்குகிறது, சுவர் பிளக்கிறது. மணற்பாங்கான இடத்தில் இவ்வளவு தொல்லை இல்லை.

“வெட்டிப்புடுங்க தாயி, வேற வழியில்ல” என்றார் கொத்தனார்.

“என் கையால தண்ணி குடிச்சு வளந்த பிள்ளைப்பா! வெட்டச் சொல்றியே?” என்றாள் அத்தை.

வெட்டிவிட்டாலும் தீர்ந்ததா என்றால், அதுவும் நிச்சயமில்லை. உறிஞ்சுவதற்கு மரம் இல்லாமற் போனால், அடுத்த மழையில் அதே மண் ஊறி உப்பி, இறங்கின மூலையை மேலே தூக்கக்கூடும். ஆகவே வருஷா வருஷம் கிளையைக் கழிக்கிறார்கள், சுவரைப் பூசுகிறார்கள். நட்டது ஒரு நிமிஷம், செலவு வருஷந்தோறும்!

அத்தையை மட்டும் குற்றம் சொல்வானேன்? அங்கிருந்து திருச்சுழிக்குப் பஸ்ஸில் போய்ப் பாருங்கள். சாலையின் இரு பக்கமும் சீமைக் கருவேலம். ஊரார் அதை வேலிகாத்தான் என்பார்கள். ரமண மகரிஷி திருச்சுழியில் பிறந்தது 1879-ல். ஏறக்குறைய அதே காலத்தில், 1877-ல், அமெரிக்கக் கண்டத்து மரமான இது இந்தியாவுக்கு வந்தது. வறண்ட பூமிக்கு விறகு தரும், வேலியாக நிற்கும் என்றுதான் நட்டார்கள்.

சொன்ன வேலையைச் செய்யவில்லையா? செய்தது. விறகு கொடுத்தது, கரிமூட்டம் போட்டு எத்தனையோ ஏழைக் குடும்பங்கள் அடுப்பெரிக்க வழி செய்தது. ஆனால் அதன் காய் இனிப்பு. ஆடும் மாடும் தின்று, போகிற இடமெல்லாம் சாணத்தோடு விதையைப் போட்டன. வேலியில் இருக்க வேண்டியது கண்மாய்க்குள் இறங்கிவிட்டது. தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் முள் நிற்கிறது. வெட்டினால் கட்டையிலிருந்து மறுபடி தழைக்கிறது. 2017-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதை அகற்றும்படி உத்தரவிட்டது. அதே வருஷம் அதற்குத் தடையும் வந்தது. 2022-ல் தமிழ்நாடு அரசு இப்படிப்பட்ட அயல் தாவரங்களுக்கென்று ஒரு கொள்கையே வகுத்தது. ஒரு வேலி மரத்துக்காகக் கோர்ட்டும் சர்க்காரும் கூடி யோசிக்க வேண்டியதாயிற்று, பாருங்கள்!

மரமே வேண்டாமென்று சொல்ல வரவில்லை. அந்த வெயிலில் ஒரு வேம்பின் நிழல் எவ்வளவு பெரிய உபகாரம் என்பது அங்கே குடித்தனம் செய்தவர்களுக்குத் தெரியும். ஆனால் கரிசல் மண்ணில் வீடு கட்டியிருப்பவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மரம் எவ்வளவு உயரம் வளருமோ, ஏறக்குறைய அவ்வளவு தூரம் சுவரை விட்டுத் தள்ளி நடுவதுதான் பத்திரம். அவ்வளவு பெரிய கொல்லை நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது? இல்லாவிட்டால் கறிவேப்பிலையோ மாதுளையோ வையுங்கள். வேம்பைக் கோவில் திடலுக்கோ கண்மாய்க் கரைக்கோ கொடுத்துவிடுங்கள். ஊருக்கே நிழல் தரும்.

அடுத்த தடவை கன்று வாங்கி வந்தால், கடப்பாரையை எடுப்பதற்கு முன்னால் ஒரு கயிற்றை எடுத்து இடத்தை அளந்து பாருங்கள். உங்கள் பேரப்பிள்ளைகள் அந்த மரத்தடியில் உட்கார்ந்து உங்களை வாழ்த்துவதும், ஒவ்வொரு கோடையிலும் கொத்தனாரைத் தேடுவதும் அந்தக் கயிற்றில்தான் இருக்கிறது.