தறியை விட்டு இறங்கிய கால்கள்

ஆரணியின் நெசவாளர் தெருக்களில் காலை ஏழு மணிக்கு நேராக நடந்து போக முடியாது. தெரு நீளத்துக்குப் பாவு நீட்டியிருப்பார்கள். குனிந்தோ ஓரமாக ஒதுங்கியோதான் போகவேண்டும். வெயில் ஏறுவதற்குள் இழைகளைச் சரிபார்த்துச் சுருட்டியாக வேண்டும் என்பதால் எல்லாக் கைகளிலும் அவசரம். திண்ணைகளில் மட்டும் அந்த அவசரம் இல்லை. அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் எழுபதைத் தாண்டியவர்கள். அவர்களைப் பார்க்கத்தான் நான் வந்திருந்தேன்.

என்னை அழைத்துப் போனவர் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வேலை பார்க்கும் இயன்முறை மருத்துவர். தெரு அவரை 'பிசியோ மேடம்' என்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்ட திட்டம் இது. சர்க்கரைக்கும் பி.பி.க்கும் மாத்திரை வீடு தேடி வரும் திட்டம் என்றே பலர் நினைக்கிறார்கள். நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து பயிற்சி தருவதும் அதில் உண்டு.

முதல் வீட்டுப் பெரியவர் தறியில் ஐம்பது வருஷம் உட்கார்ந்தவர். கண்ணில் புரை விழுந்ததும் இறங்கிவிட்டார். இப்போது அதே தறியில் மகன்.

"மாமாவ ஒரு வேலையும் செய்ய விடறதில்லீங்க. ஒரு சொம்பு தண்ணிகூட நாங்கதான் கொண்டாந்து குடுப்போம்" என்றார் மருமகள், பெருமையாக.

"அங்கதாம்மா தப்பாப் போவுது" என்றார் பிசியோ.

தறி வேலையை ஒரு நிமிஷம் பக்கத்தில் நின்று பார்த்தால் அவர் சொன்னது புரியும். குழிக்குள் கால்கள் மாற்றி மாற்றி மிதிக்கின்றன. கை நாடாவை ஓட்டுகிறது, பலகையை இழுத்து அடிக்கிறது. கண் எங்கே இழை அறுந்தது என்று பார்க்கிறது. மனசுக்குள் பார்டரின் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. காலும் கையும் கண்ணும் கணக்கும் ஒன்றாகச் செய்த வேலை அது. தறியை விட்டு இறங்குகிற அன்று நான்கும் ஒரே நாளில் நின்றுபோகின்றன. அதற்கு மேல் வீட்டார் பாசமாக, 'நீ உக்காரு' என்று சொல்லிவிடுகிறார்கள்.

பெரியவரைத் திண்ணையிலிருந்து கையூன்றாமல் எழச் சொன்னார் பிசியோ. முதல் தடவை முடியவில்லை. பிறகு மூன்று மீட்டர் நடந்துபோய்த் திரும்பிவந்து உட்காரவேண்டும்; கைப்பேசியில் நேரம் ஓடுகிறது. உலகமெங்கும் முதியோரிடம் செய்யும் எளிய சோதனைதான். "மூணு மீட்டர்னா ஆறரை முழம்" என்று பெரியவரே கணக்குச் சொன்னார். அவர் பாதி தூரம் போனபோது பிசியோ போகிற போக்கில் கேட்டார்: "காலைல இன்னா டிபன் தாத்தா?"

பெரியவர் நின்றார். "இட்லி" என்றார். பிறகு நடந்தார்.

அந்த நிற்றலுக்காகவே கேட்ட கேள்வி அது. 1997-இல் வெளியான சுவீடன் ஆய்வு ஒன்றில் முதியோர் காப்பகவாசிகள் 58 பேரை இப்படிப் பேச்சுக் கொடுத்து நடக்கவைத்தார்கள். பேசுவதற்காக நடையை நிறுத்தியவர்கள் 12 பேர். அவர்களில் 10 பேர் அடுத்த ஆறு மாதத்துக்குள் கீழே விழுந்தார்கள். வயதான காலத்தில் சிலருக்கு நடை தானாக நடப்பதில்லை. மூளை அதற்கு முழுக் கவனத்தையும் கொடுக்கவேண்டியிருக்கிறது. பேச்சு குறுக்கே வந்தால் இரண்டில் ஒன்று நின்றுவிடுகிறது.

அதனால் பயிற்சியும் இரண்டையும் சேர்த்தே இருந்தது. முதலில் வெறும் கால் வேலை. திண்ணையில் உட்கார்ந்து எழுவது, தறிக்காலைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தோள்வரை தூக்குவது. அதன்பின் நின்ற இடத்திலேயே மிதிக்கிற மாதிரி காலை மாற்றி மாற்றி வைத்து எண்ணவேண்டும். மூன்று, ஆறு, ஒன்பது என்று மூன்றின் மடங்கு வரும்போதெல்லாம் கை தட்டவேண்டும். ஜப்பானின் தேசிய முதுமை மருத்துவ மையம் இதே முறையை 'காக்னிசைஸ்' என்று பெயரிட்டுப் பரப்பியிருக்கிறது. பெரியவருக்குப் பன்னிரண்டில் தட்டு தவறியது. பேரன் சிரித்தான், அவர் முகம் சுருங்கியது. பிசியோ உடனே ஆட்டத்தை மாற்றினார்: ஒவ்வொரு காலடிக்கும் சேலையில் நெய்கிற ஒரு புட்டா பேர்.

"மயில்... அன்னம்... ருத்திராட்சம்... மாங்கா..."

நிற்காமல் வந்தது. கால் ஒருதடவையும் தப்பவில்லை. அந்தப் பேரப்பிள்ளைக்கு ஒன்றுகூடத் தெரியாது என்பதைப் பெரியவர் கவனித்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

அலமாரியில் விலையுயர்ந்த சத்து மாவு டப்பா இருந்தது. மருமகள் தினமும் இரண்டு வேளை கலக்கித் தருகிறாராம். அமெரிக்காவின் பாஸ்டனில் நடந்து 1994-இல் வெளியான ஆய்வு ஒன்று நினைவுக்கு வந்தது. சராசரி வயது 87; நூறு காப்பகவாசிகள். பத்து வாரம் எடைப்பயிற்சி செய்தவர்களின் தசைவலு இருமடங்குக்கும் மேல் கூடியது, நடைவேகமும் கூடியது. பயிற்சி இல்லாமல் சத்துபானம் மட்டும் குடித்தவர்களுக்கு வலு கூடவில்லை. 87 வயதில் எடை தூக்குவதா என்று நம் வீடுகளில் பதறுவார்கள். இந்தப் பதற்றத்தை விடவேண்டும். ஆனால் நெஞ்சுவலி, மூச்சிரைப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத்தான் தொடங்கவேண்டும்.

கிளம்பும்போது பிசியோ இன்னொன்றும் சொன்னார்: நெய்யாத நேரத்தில் தறிக்குழியைப் பலகை போட்டு மூடிவைக்க வேண்டும். கூடத்தின் நடுவே பள்ளமும் சுற்றிலும் வழுக்கும் டைல்ஸ் தரையும் தள்ளாடும் காலுக்குக் கண்ணி. ஊர் முழுக்க இந்தக் குழிகள் இருந்தும் இது யாருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை.

அடுத்த வீடு கடினமானது. அங்கிருந்த பாட்டிக்கு மறதிநோய் முற்றிவிட்டது, மகளையே "யாரு நீ?" என்று கேட்கிறார். "எக்சர்சைஸ் செஞ்சா ஞாபகம் வருமா மேடம்?" என்று மகள் கேட்டார். பிசியோ சற்று யோசித்து, "அப்படி நான் சொல்லமாட்டேன்மா" என்றார்.

அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. 2018-இல் வெளியான இங்கிலாந்து ஆய்வு ஒன்றில், மறதிநோய் உள்ள 494 பேரில் ஒரு பகுதியினருக்கு நான்கு மாதம் கடுமையான பயிற்சி தந்து பார்த்தார்கள். உடல்வலு தேறியது, நினைவு மங்குவது தாமதப்படவில்லை. நோய் வருவதற்கு முன் உடலை இயக்கிவந்தால் வரும் வாய்ப்பு குறையும் என்று உலக மருத்துவ இதழ்கள் சொல்வது உண்மைதான். வந்தபின் பயிற்சியை மருந்தாக விற்பவர்களை நம்பவேண்டாம்.

ஆனாலும் பாட்டிக்குப் பயிற்சி வேண்டும். இரண்டு பேர் தூக்கி உட்காரவைக்கும் நிலைக்கும், ஒருவர் பிடித்தால் கழிவறைவரை நடக்கும் நிலைக்கும் இடையில்தான் அந்த மகளின் இடுப்பும் தூக்கமும் இருக்கின்றன. கட்டிலைப் பிடித்து எழவைத்து, நான்கு அடி நடத்தி, நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பிறகு மகள் ராட்டையை முன்னால் நகர்த்தினார். பெயர் மறந்த பாட்டியின் கை தார் சுற்றுவதை மறந்திருக்கவில்லை. பத்துச் சுற்று சுற்றிவிட்டு, இழை சரியில்லை என்று மகளைத் திட்டினார்.

அறுபத்தைந்து கடந்தவர்கள் வாரத்தில் குறைந்தது மூன்று நாள் சமநிலைப் பயிற்சியும் வலுப்பயிற்சியும் செய்யவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். ஒரு வட்டாரத்தையே சுற்றிவரும் பிசியோ ஒரே வீட்டுக்கு வாரம் மூன்று முறை வர முடியாது. அவர் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகலாம். மற்ற நாள் வேலை வீட்டாருடையது. நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் தங்கள் கூடத்தை வாரம் மூன்று காலை திறந்துவிட்டால், தெருப் பெரியவர்கள் சேர்ந்து செய்யலாம். புதிதாகக் கட்டிடம் எதுவும் தேவையில்லை.

உங்கள் வீட்டுப் பெரியவர் நடக்கும்போது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். நின்று பதில் சொன்னால், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிசியோவைக் கேளுங்கள். கட்டணம் கிடையாது.