எதிர்வீட்டு மாப்பிள்ளை

எதிர்வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். பெண்ணுக்கு மூன்று வரன்கள் வந்திருக்கின்றன. அந்த வீட்டுக்காரருக்கும் நமக்கும் பத்து வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. ஆனாலும் ஒரு நாள் அவர்களே கதவைத் திறந்து, "இந்த மூன்று பேரில் யாரை மாப்பிள்ளையாக்கலாம்? நீங்களும் வந்து கை தூக்குங்கள்" என்று கூப்பிடுகிறார்கள். நாம் யாருக்குக் கை தூக்குவோம்? நல்லவனுக்கா, இருப்பவர்களிலேயே மகா மக்கு எவனோ அவனுக்கா?

சிரிக்காதீர்கள். அமெரிக்காவில் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள்.

அங்கே ஒரு கட்சியின் அபேட்சகர் யார் என்பதைத் தலைவர்கள் அறைக்குள் உட்கார்ந்து தீர்மானிப்பதில்லை. பொதுத் தேர்தலுக்கு முன்னால் பூர்வாங்கமாக ஒரு தேர்தல் உண்டு. 'பிரைமரி' என்று அதற்குப் பெயர். கட்சியின் சார்பில் நிற்க ஆசைப்படுகிறவர்களில் ஒருவரை ஜனங்களே ஓட்டுப் போட்டுப் பொறுக்குகிறார்கள். சில மாகாணங்களில், 'நான் இந்தக் கட்சி' என்று முன்கூட்டிப் பதிவு செய்து கொண்டவருக்குத்தான் ஓட்டு. வேறு சில மாகாணங்களில் கதவு திறந்தே கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் எந்தக் கட்சியின் ஓட்டுச் சீட்டையும் கேட்டு வாங்கலாம்; ஆனால் ஒன்றைத்தான் வாங்கலாம். ஆகவே, தம் பந்தலில் சுவாரஸ்யமான போட்டி இல்லாத வருஷத்தில் ஒரு டெமாக்ரடிக் கட்சிக்காரர் நேரே ரிபப்ளிகன் பந்தலுக்குள் நுழைந்து, அவர்கள் மாப்பிள்ளையைத் தீர்மானித்துவிட்டு வரலாம். அவர்களும் இங்கே வந்து அதையே செய்யலாம்.

2008-ல் ரஷ் லிம்பா என்ற ரேடியோ பேச்சாளர் தம் ரிபப்ளிகன் நேயர்களைப் பார்த்து, "டெமாக்ரடிக் பிரைமரிகளில் போய் ஹிலாரி கிளின்டனுக்கு ஓட்டுப் போடுங்கள்" என்று தூண்டினார். அந்த அம்மையார் மேல் அவருக்குப் பிரியம் ஒன்றும் இல்லை. ஒபாமாவும் அம்மையாரும் இன்னும் கொஞ்ச நாள் அடித்துக் கொள்ளட்டும் என்பதுதான் எண்ணம். அதற்கு அவர் சூட்டிய பெயர் 'ஆபரேஷன் கேயாஸ்', அதாவது குழப்பத் திட்டம். மனிதர் ஒளிவு மறைவு இல்லாதவர்!

இந்த மாதிரிக் கதைகளைப் படிக்கும்போதெல்லாம் தூத்துக்குடிக்காரனாகிய எனக்குச் சிப்பி ஏலம்தான் ஞாபகம் வருகிறது. எங்கள் கடலில் சர்க்கார் நடத்திய முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்று போயிற்று. நான் பிறப்பதற்கு முன்னாலேயே முடிந்துவிட்ட விவகாரம். பெரியவர்கள் சொல்லிக் கேட்டதுதான். கடலில் மூழ்கி எடுத்த சிப்பியில் சர்க்கார் பங்கைப் பிரித்த பிறகு, அதைத் திறக்காமலே, ஆயிரம் சிப்பி இத்தனை ரூபாய் என்று ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா, வெறும் சதைதானா என்பது வாங்கியவன் பிளந்து பார்த்த பிறகே தெரியும்.

எதிர்க்கட்சியின் மக்கு என்று நாம் பொறுக்குகிற ஆளும் ஒரு திறக்காத சிப்பிதான். 1966-ல் கலிபோர்னியாவின் கவர்னராக இருந்த பாட் பிரவுன், மறுபடியும் தேர்தலுக்கு நின்றார். எதிர்ப் பந்தலில் முக்கியமாக இரண்டு பேர் போட்டியிட்டார்கள். ஒருவர் சான் பிரான்சிஸ்கோவின் முன்னாள் மேயர் ஜார்ஜ் கிறிஸ்டபர். மற்றவர் ஒரு சினிமா நடிகர். 'மேயர் வந்தால் கஷ்டம், நடிகர் வந்தால் ஊதித் தள்ளிவிடலாம்' என்று பிரவுனின் ஆட்கள் கணக்குப் போட்டார்கள். கிறிஸ்டபர் முன்பு பால் வியாபாரம் செய்த காலத்து வழக்கு ஒன்றைப் பத்திரிகைக்காரர் காதில் போட்டு வைத்தார்கள். அவர்கள் ஆசைப்படியே நடகருக்குத்தான் பிரைமரி கிடைத்தது. நவம்பரில் அந்த நடிகர் ஏறத்தாழ 10 லட்சம் ஓட்டு வித்தியாசத்தில் பிரவுனைத் தோற்கடித்தார். அவர் பெயர் ரொனால்ட் ரீகன். 1980-ல் அமெரிக்க ஜனாதிபதியாகவே தேர்ந்தெடுக்கப்பட்டார்.

தந்திரம் பலிப்பதே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2012-ல் மிசௌரி மாகாணத்து செனட்டர் கிளேர் மக்காஸ்கில் என்ற டெமாக்ரடிக் அம்மையார், எதிர்த் தரப்பில் எவர் பலவீனமானவர் என்று பார்த்து, அவரைத் திட்டுவது போல விளம்பரம் செய்தே அவருக்கு அந்தக் கட்சிக்காரர்களின் ஓட்டை வாங்கிக் கொடுத்தார். அந்த மனிதர் டாட் ஏகின் பிறகு வாயைத் திறந்து தகாததைப் பேசிக் கெட்டார், அம்மையார் ஜெயித்தார். பலிக்கும் போது இதற்குச் சாமர்த்தியம் என்று பெயர். பலிக்காத போது என்ன ஆகிறது என்பதை நான் என் சொந்த பந்தத்திலேயே பார்த்திருக்கிறேன்.

என் தாய்மாமா இருந்தது ஒரு கடற்கரை ஊர். அங்கே ஒரு சங்கம், பெயர் வேண்டாம். மீன் விற்ற காசில் வாராவாரம் ஒரு தொகையைப் பிடித்து வைத்து, கல்யாணம், வலை, படகு ரிப்பேர் என்று வரும்போது திருப்பிக் கொடுப்பார்கள். வடக்குத் தெரு, தெற்குத் தெரு என்று இரண்டு கோஷ்டி. காரியதரிசித் தேர்தலுக்கு முன்னால் ஒவ்வொரு தெருவும் தனியாகக் கூடித் தன் ஆளைத் தீர்மானிக்கும். மாமா வடக்குத் தெரு. தெற்குத் தெருவில் பெண் எடுத்த வடக்குத் தெரு மாப்பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். மாமனார் வீட்டுத் தெருக் கூட்டத்தில் மாப்பிள்ளை வந்து உட்கார்ந்தால், யார் எழுப்பி விடுவார்கள்? மாமா அவர்களை உட்கார வைத்தார். தெற்குத் தெருவில் கணக்கு எழுதத் தெரிந்த, நாணயமான மனிதர் ஒருவர் இருந்தார். அவரைத் தள்ளிவிட்டு, வாய்ச் சவடால் மட்டும் உள்ள ஒருவருக்குக் கை தூக்கச் செய்தார். 'இவன் நின்றால் நம் ஆள் படுத்துக் கொண்டே ஜெயிப்பான்' என்பது மாமாவின் கணக்கு.

ஆனால் தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கையில் வடக்குத் தெருவில் அண்ணன் தம்பிகளுக்குள் தகராறு மூண்டது. ஓட்டு இரண்டாகப் பிரிந்து, வாய்ச் சவடால்காரர் காரியதரிசி ஆகிவிட்டார். இரண்டு வருஷத்தில் எது வரவு, எது செலவு என்று தெரியாமல் நோட்டுகள் குழம்பிப் போயின. அவர் திருடினார் என்று யாரும் சொல்லவில்லை. திருடுவதற்கும் கொஞ்சம் கணக்குத் தெரிய வேண்டும் அல்லவா? பணம் முடங்கிற்று. வடக்குத் தெருப் பணமும் தெற்குத் தெருப் பணமும் ஒரே பெட்டியில்தானே கிடந்தன! அந்தச் சமயத்தில் மாமாவின் மூத்த மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வைத்த நாள் தள்ளிப் போயிற்று. அப்புறம் அந்த இடமே தட்டிப் போயிற்று.

மாமா பிறகு ஒரு நாள் என்னிடம் சொன்னார்: "மருமவனே, ஓட்டப் படகுன்னு தெரிஞ்சுதாம்ல அவுக தலையில கெட்டுனேன். கடேசில அதே படகுல நானும்லா ஏற வேண்டியதாப் போச்சு!"

மதினி இதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. மாமாவுக்கு அதுதான் பெரிய தண்டனையாக இருந்தது.

இதற்காக, அடுத்த பந்தலில் கை தூக்குவதே பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். மிசிசிபி மாகாணத்தில் செனட்டர் பதவி என்றால் ரிபப்ளிகன் கட்சி நிறுத்துகிற ஆள் ஜெயிப்பது பல காலமாக வழக்கம். 2014-ல் அந்தக் கட்சியின் பிரைமரியில் இரண்டாம் சுற்று வந்தபோது, டெமாக்ரடிக் கட்சியை ஆதரிக்கும் கறுப்பின மக்கள் பலர் அங்கே போய், பழைய செனட்டர் தாட் காக்ரனுக்கு ஓட்டுப் போட்டார்கள். அவர் அவர்களுடைய ஆள் அல்ல. ஆனால் எதிர்த்து நின்றவரைவிடத் தேவலை. எப்படியும் தங்களை ஆளப்போகிறவர் அந்தப் பந்தலிலிருந்துதான் வருவார் என்னும்போது, அங்கே போய் ஒரு வார்த்தை சொன்னது குற்றமா?

நம் தேசத்தில் பிரைமரி கிடையாது. 'டிக்கெட்' மேலிடத்திலிருந்து வரும். ஆனாலும், எதிர்க்கட்சியின் தலைமையில் வெளியாருக்கு அக்கறை பிறந்த காலம் ஒன்று இங்கே உண்டு. 1953-ல் ராஜாஜி மந்திரிசபை கொண்டு வந்த ஆரம்பக் கல்வித் திட்டத்தை, 'குலக் கல்வி' என்று சொல்லிப் பெரியாரும் தி.மு.க.வினரும் மும்முரமாக எதிர்த்தார்கள். காங்கிரசுக்குள்ளும் எதிர்ப்பு முற்றி, ராஜாஜி விலகினார். 1954 மார்ச்சில் காங்கிரஸ் சட்டசபைக் கட்சி கூடி, காமராஜருக்கு 93 ஓட்டும் சி. சுப்பிரமணியத்துக்கு 41 ஓட்டும் போட்டது. அந்த ஓட்டெடுப்பில் வெளியாருக்கு இடமில்லை. ஆனால் முதன் மந்திரியான காமராஜர் அப்போது சட்டசபை அங்கத்தினர் அல்ல. குடியாத்தம் இடைத் தேர்தலில் நிற்க வேண்டியிருந்தது. காங்கிரஸை அல்லும் பகலும் எதிர்த்து வந்த பெரியார் அவரை ஆதரித்தார். அண்ணாதுரையின் தி.மு.க.வும் அவருக்கு ஆதரவாகவே நின்றது.

இதிலுள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். அவர்கள் எதிர்ப் பந்தலில் மக்கைத் தேடவில்லை. திறமைசாலியையே ஆதரித்தார்கள். அதற்கு விலையும் கொடுத்தார்கள். 1957-ல் முதன் முதலாகத் தேர்தலில் இறங்கிய தி.மு.க.வுக்குக் கிடைத்தவை 15 இடங்கள். காமராஜரின் காங்கிரஸ் மறுபடியும் ஆட்சிக்கு வந்தது. தி.மு.க. 1967 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த வருஷம் விருதுநகரில் காமராஜரையே அது 1,285 ஓட்டில் தோற்கடித்தது என்பது வேறு கதை. ஆனால் இடையில் என்ன நடந்தது? கல்வித் திட்டம் 1954-லேயே கைவிடப்பட்டது. பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு வந்தது. இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கும் எட்டயபுரத்துக்கும் அதன் தொடக்கத்தில் பங்கு உண்டு. அந்தப் பந்தியில் உட்கார்ந்த குழந்தைகளின் அப்பாக்கள் எந்தக் கட்சி என்று யாரும் கேட்கவில்லை.

தேர்தல் காலத்தில் எங்கள் பக்கத்து டீக்கடைகளில் ஒரு பேச்சு அடிபடும். சென்ற முறையும் கேட்டேன். "அவுக கட்சியில அந்த உதவாக்கரைக்கே டிக்கெட் கெடைக்கணும்யா! நமக்குச் சுளுவாப் போயிரும்" என்று கடைக்கார அண்ணாச்சி உற்சாகமாகச் சொல்லிக் கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, தப்பித் தவறி அவர் ஜெயிச்சுட்டா, தெருக் குழாயில தண்ணி வரலேன்னு யார்கிட்டப் போய்ச் சொல்லுவிய?" என்று கேட்டேன்.

அண்ணாச்சி பதில் சொல்லவில்லை. முன்னைவிட உயரத்திலிருந்து டீயை ஆற்றத் தொடங்கினார்.