பழவேற்காட்டில் ஒரு நாள்

சென்ற தை மாதத்துச் சனிக்கிழமையொன்றில், காலைத் திருப்பலி முடிந்ததும், நமது பங்கின் பீடச் சிறுவர் பன்னிருவருடன் பழவேற்காட்டுக்குப் புறப்பட்டோம். சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், பொன்னேரியைக் கடந்து செல்லும் சாலை முடியுமிடத்தில் உள்ளது அவ்வூர். ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக நம் நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி அங்கேதான் தொடங்கி, ஆந்திர எல்லைக்குள் வெகுதூரம் பரந்து கிடக்கிறது.

போர்ச்சுக்கீசியர் காலத்தில், 1515-ஆம் ஆண்டில் தோன்றிய மகிமை மாதா ஆலயத்தில் முதலில் செபித்தோம். இப்போதுள்ள கட்டடம் புதியது. பின்னர், 1613-இல் இங்கே கோட்டை கட்டிய டச்சுக்காரரின் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்தோம். வாயிலின் இருபுறமும் செதுக்கப்பட்டிருந்த எலும்புக்கூடுகளைக் கண்டு, அதுவரை ஆரவாரித்து வந்த சிறுவர்கள் சற்றே அடங்கினர்.

கலங்கரை விளக்கக் குப்பத்துக்குச் செல்லும் பாலத்தில் நின்றபோது, தொலைவில் ஏரி நீரின்மேல் வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்த நீண்ட கோடொன்று தெரிந்தது. அவை பூநாரைகள்! ஆழமற்ற நீரில் அலகைத் தலைகீழாகக் கவிழ்த்து, சேற்று நீரை வடிகட்டி இரை தேடும் பறவைகள். அவற்றின் சிவப்பு நிறமும் அவை உண்ணும் பாசியிலிருந்தும் சிற்றுயிர்களிலிருந்தும் வருவதே. அவை பறப்பதைக் காண விரும்பிய சிறுவனொருவன் கைதட்ட முனைந்தான்.

அருகில் வலையைச் சீர்செய்துகொண்டிருந்த முதியவர், "வேணாம் தம்பி. வெகுதூரத்திலிருந்து வந்த விருந்தாளிங்க, மேயட்டும்" என்று தடுத்தார்.

"படகில் கிட்டே போகலாமா, தாத்தா?" என்றான் இன்னொருவன். முதியவர் நம்மை நோக்கி, "சாமி, கிறிஸ்துமஸ் அன்னிக்கு நடந்தது உங்களுக்குத் தெரியுமே" என்றார். 2011 டிசம்பர் 25 அன்று, உல்லாசமாகச் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இங்கே மாண்டனர். சிறுவர்கள் அதன்பின் படகைப் பற்றிப் பேசவில்லை.

எந்தக் குடும்பம் எந்நாளில் எவ்விடத்தில் வலையிடுவது என்று மீனவர் தமக்குள் முறை வகுத்துக்கொள்ளும் 'பாடு' என்னும் பழைய ஏற்பாட்டையும் அவர் விளக்கினார். "முகத்துவாரத்தை மணல் மூடினால், கடல்நீரும் வராது, இறாலும் வராது. அப்புறம் பாடு ஏது சாமி?" என்றபோது அவர் குரல் கம்மியது.

கடற்கரையில் கட்டுச்சோறு உண்டு, அலையில் கால் நனைத்துவிட்டு ஊருக்குள் திரும்பினோம். ஒரு வீட்டுத் திண்ணையில் இஸ்லாமியத் தாயும் மகளும் ஓலைப் பெட்டி முடைந்துகொண்டிருந்தனர். பனங்குருத்தைக் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, சீராகக் கிழித்து, சாயமேற்றிய பிறகே பின்னல் தொடங்குகிறது. மூடியுள்ள பெட்டியொன்றை எடுத்து, வழக்கம்போல் விலையைக் குறைக்கக் கேட்டோம். அந்த அம்மாள் மறுமொழி கூறாமல், ஓலை கீறிய தம் விரல்களைப் பார்த்துக்கொண்டார். நமக்கு வெட்கமாயிற்று. கேட்ட விலையைக் கொடுத்தோம்.

அன்புக் குடும்பத்தாரே, கார்த்திகை முதல் மாசி வரை பூநாரைகளைக் காண ஏற்ற காலம். பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். உணவை எடுத்துச் செல்லுங்கள். குப்பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். ஓலைப் பெட்டி வாங்கினால் பேரம் பேசாதீர்கள். நாம் வாங்கிய பெட்டியில்தான் இப்போது ஞாயிறுதோறும் காணிக்கை எடுக்கிறோம்.