144 பைட்டுகளில் ஒரு மொழி

தில்லி மெட்ரோவின் நுழைவாயிலில் அட்டையைத் தொட்டுவிட்டு நகரும் பயணி, அந்த அட்டைக்கு மின்சாரம் எங்கிருந்து வந்தது என்று நினைத்துப் பார்ப்பதில்லை. அட்டைக்குள் மின்கலம் கிடையாது. வாயிலில் உள்ள கருவி 13.56 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அட்டைக்குள் பதித்த மெல்லிய கம்பிச்சுருள் அப்புலத்துக்குள் வந்ததும் அதில் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. ஃபாரடே 1831இல் கண்டறிந்த அதே மின்தூண்டல்தான். அந்தச் சிறு மின்னோட்டத்தில் சில்லு விழித்துக்கொள்கிறது. பதில் சொல்லவும் அது தனியாக அலை எதையும் பரப்புவதில்லை. தன் மின்சுமையை மாற்றி மாற்றி, கருவியின் புலத்திலேயே சிறு ஏற்ற இறக்கங்களை உண்டாக்குகிறது. கருவி அவற்றைப் படித்துக்கொள்கிறது. சில சென்டிமீட்டர் விலகினாலே புலம் விரைந்து மெலிந்துவிடுவதால் உரையாடல் அறுந்துபோகும்.

இதே கொள்கையைக் கைபேசிக்குள் கொண்டுவருவதற்காக நோக்கியா, பிலிப்ஸ், சோனி ஆகிய மூன்று நிறுவனங்கள் 2004இல் என்.எஃப்.சி. மன்றத்தை அமைத்தன. தமிழில் இதனை அண்மைப்புலத் தொடர்பு எனலாம். இன்று நாணய அளவிலான ஒட்டுவில்லைகளாகக் கிடைக்கும் டேக்குகள் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. பரவலாகப் புழங்கும் என்டேக் 213 என்ற சில்லில் பயனர் எழுதுவதற்கு உள்ள இடம் 144 பைட்டுகள்.

மொழியியல் மாணவர்கள் நின்று பார்க்கவேண்டிய இடம் இதுதான். டேக்கில் உரையை எழுதும் முறைக்கு மன்றம் வகுத்த தரத்தில், ஒவ்வோர் உரைப்பதிவும் தான் எந்த மொழி என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். தொடக்கத்தில் ஒரு பைட்டு. அதன் ஒரு பிட் எழுத்துக் குறிமுறையைக் குறிக்கும், கடைசி ஆறு பிட்டுகள் மொழிக்குறியின் நீளத்தைக் குறிக்கும். அதன்பின் மொழிக்குறி. தமிழுக்கு டி, ஏ என்ற இரண்டெழுத்து. இரண்டெழுத்துக் குறி இல்லாத சந்தாலிக்கு எஸ், ஏ, டி என்ற மூன்றெழுத்து. பணப்பெட்டிக்கும் கதவுப்பூட்டுக்கும் உறவான ஒரு தொழில்நுட்பம் மொழியின் பெயரை இவ்வளவு அக்கறையோடு கேட்பது வியப்பளிக்கிறது.

இடத்தைக் கணக்கிடும்போதுதான் சமனின்மை தெரிகிறது. யுடிஎஃப்-8 குறிமுறையில் ஆங்கில எழுத்து ஒரு பைட்டு. தேவநாகரி, வங்காளம், கன்னடம், தமிழ், ஒல் சிக்கி என இந்திய எழுத்துமுறைகளின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டுகள். 'நூலகம்' தமிழ் வாசகருக்கு நான்கு எழுத்து. ஒருங்குறிக்கு, உயிர்க்குறியும் புள்ளியும் சேர்த்து, ஆறு குறிகள். டேக்குக்கு 18 பைட்டுகள். அதே பொருள்தரும் ஆங்கிலச் சொல் 7 பைட்டில் முடிகிறது. 144 பைட்டுகளில் தமிழுக்கு ஐந்தாறு சொற்கள் தேறும். ஆனால் முன்சொன்ன அந்த ஒரு பிட்டை மாற்றி யுடிஎஃப்-16இல் எழுதினால் குறிக்கு இரண்டு பைட்டுதான். தரம் வழியைத் திறந்தே வைத்திருக்கிறது. ஆண்ட்ராய்டு தரும் ஆயத்தச் செயற்கூறோ எப்போதும் யுடிஎஃப்-8இலேயே எழுதுகிறது.

ஐந்து சொல்லுக்கு மேல் இடமில்லை என்றால் எவரும் இணைய முகவரியைத்தான் எழுதுவர். அதற்குச் சலுகையும் உண்டு: முகவரியின் முன்னொட்டு முழுவதையும் ஒரே பைட்டில் சுருக்கத் தரம் இடமளிக்கிறது. ஒலிப்பதிவையும் படத்தையும் இணைக்கலாம், பிழையைப் பின்னர் திருத்தலாம் என்பதும் மெய்யே. ஆனால் சொற்கள் இப்போது டேக்கில் இல்லை. வேறெங்கோ ஒரு வழங்கியில் இருக்கின்றன. இந்தியாவில் ஆய்வுத்திட்டங்களின் வலைத்தளங்கள் நல்கை முடிந்தபின் எத்தனை ஆண்டு உயிரோடிருக்கும் என்பது இப்பதிவைப் படிப்போர் அறியாததன்று.

ஓர் அருங்காட்சியகத்தில் சந்தாலிகளின் பானம் என்னும் நரம்பிசைக் கருவி இருப்பதாகக் கொள்வோம். ஒரே மரத்துண்டில் குடைந்து தோல் போர்த்தப்பட்டது. அதனருகே என்டேக் 216 என்ற பெரிய சில்லை ஒட்டினால், ரகுநாத் முர்மு 1925இல் உருவாக்கிய ஒல் சிக்கியில் யுடிஎஃப்-8 கொண்டே ஏறத்தாழ 280 எழுத்துகள் எழுதலாம். கருவியின் பெயர், மரம், வாசிக்கும் சூழல் ஆகியவற்றைச் சொல்ல இது போதும், இணையம் வேண்டியதில்லை. ஒரே டேக்கில் பல மொழிப் பதிவுகளை அடுக்கவும் தரம் அனுமதிக்கிறது. ஆயினும் நடைமுறை வேறு. எதைத் திறப்பது என்பதை ஆண்ட்ராய்டு முதல் பதிவைக் கொண்டே முடிவுசெய்கிறது. முகவரி முன்னால் இருந்தால் உரை கண்ணில் படாமலே போகும். ஐபோன் தானாகப் படித்துக் காட்டுவது முகவரியைத்தான். வெறும் உரைக்குத் தனிச்செயலி வேண்டும். மொழிக்குத் தரம் ஒதுக்கிய நாற்காலியைக் கைபேசிகள் மூலையில் தள்ளிவிட்டன என்றே சொல்லத் தோன்றுகிறது.

இரும்பு அலமாரியில் ஒட்டினால் உலோகம் புலத்தைக் கெடுக்கும். ஃபெரைட் அடுக்குள்ள வில்லைகளே அங்கு உதவும். தயாரிப்பாளர் உறுதியளிக்கும் தரவுக்காலம் 10 ஆண்டு. ஓலைச்சுவடி இதைவிட நீண்ட நாள் தாங்கும். ஆகவே டேக்கில் எழுதியதை அருங்காட்சியகப் பதிவேட்டிலும் எழுதிவைக்க வேண்டியிருக்கும். பூட்டாமல் விட்ட டேக்கில் பார்வையாளர் எவரும் தம் கைபேசியால் வேறொன்றை எழுதிவிடலாம். பூட்டிவிட்டாலோ ஓர் எழுத்துப்பிழையைக்கூட மாற்ற முடியாது. அதனால் பூட்டுவதற்கு முன்பு, சந்தாலி பேசுகிற ஒருவர் அந்த 280 எழுத்தையும் படித்துப் பார்த்திருக்க வேண்டும்.