கப்பலேறுமுன் ஒரு கணக்கு

மும்பையிலிருந்து கோவாவுக்கும் இலட்சத்தீவுக்கும் 2021-ஆம் ஆண்டில் தொடங்கிய உல்லாசக் கப்பற் பிரயாணம் நம் குடும்பங்கள் பலவற்றின் ஆவலைத் தூண்டியிருக்கிறது. நாமும் நால்வராகச் சென்று மீண்டோம். அரபிக் கடலில் கதிரவன் மறையும் காட்சி ஒன்றே போதும், சென்ற பயன் கிட்டிவிடும். ஆயினும் சீட்டு வாங்குமுன் ஒரு கணக்குப் போட்டுக்கொள்வது நலம்.

விளம்பரத்திற் காணும் தொகை அறைக்கும், பொது உணவுக்கூடத்துச் சாப்பாட்டிற்கும், கேளிக்கைகள் சிலவற்றிற்குமே ஆகும். துறைமுகக் கட்டணம், வரி, பணியாளர் அன்பளிப்பு ஆகியவை தனியே சேரக்கூடும். அன்பளிப்பைத் தலைக்கு, இரவுக்கு இவ்வளவு என்று கணிப்பது கப்பல் வழக்கம். நால்வர் 3 இரவு தங்கினால் 12 பங்கு. இலட்சத்தீவில் பெருங்கப்பல் கரையை அணையாது. படகேறிச் சென்று சுற்றிப் பார்ப்பதற்கு வேறு கட்டணம் உண்டா என்று கேட்டறிக. தனி உணவகம், பானவகை, இணைய வசதி இவையும் அவ்வாறே. நடுக்கடலில் கைப்பேசி கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பைப் பற்றிக்கொண்டால் கட்டணம் மளமளவென்று ஏறும்.

கப்பலிற் பெரும்பாலும் ரொக்கம் கைமாறுவதில்லை. அறை அட்டையைக் காட்டினாற் போதும். செலவு கண்ணிற் படுவது இறங்கும் நாளன்றுதான். குழந்தை கேட்கும் ஐஸ்கிரீமுக்கும் தயங்க நேர்ந்தால் அது இன்பப் பிரயாணமாகாது. ஆகவே இவை யாவற்றையும் கூட்டிப் பார்த்து, அத்தொகை கைவசம் இருப்பின் மட்டுமே முன்பதிவு செய்யுமாறு அன்பர்களை வேண்டுகிறோம்.